அரை நூல்

கழுந்து என்பது மரத்தில் மூன்றில் ஒரு பங்கு.
இரு கன்னத்தையும் அறுத்துக் கொடுத்துவிட்டு
மிச்சத்தோடு இன்னொரு மரத்துக்குள் போவது.

துளையை ஒரே பக்கமாகப் பொளிக்கக் கூடாது.
இந்தப் பக்கம் பாதி,
புரட்டிப் போட்டு அந்தப் பக்கம் பாதி.
நடுவில் சந்திக்கும்போது
உளி பிடித்த கையில் சின்னதாய் ஒரு வெறுமை தட்டும்.

சும்மா நுழைந்தால் தளர்வு.
ஓங்கி அடித்தால்தான் நுழையும் என்றால் கால் பிளக்கும்.
உள்ளங்கையால் முக்கால்,
கொட்டாப்புளியால் கால்.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் செய்தேன்.

பண்ருட்டிப் பலா. மஞ்சள் தூள் பறக்கிற மரம்.
உப்பலவாடி ரெஜினாளுக்குக் கட்டில்.
மூன்று கால் கூடிவிட்டது.
நாலாவது சட்டத்தில்
வாள் கோட்டைத் தாண்டிக் கடித்தது
அரை நூல்.

வாசலில் மினி டெம்போ ஹாரன்.
வேறு சட்டம் எடுக்க மரமும் இல்லை, மணியும் இல்லை.
இழைப்புச் சுருளை இரண்டாக மடித்துச் செருகினேன்.
பெவிகாலில் தூளைக் குழைத்து அடைத்தேன்.
பாலீஷ் போட்டதும் என் கண்ணுக்கே தெரியவில்லை.
பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.
அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாக
வேலைக்குப் போனதில்லை.

கார்த்திகையில் பெண்ணை ஊருக்குள் வந்தது.
மஞ்சக்குப்பம் டீக்கடையில் யாரோ சொன்னார்:
"உப்பலவாடியில இடுப்பளவாம்.
ஒரு வீட்ல கட்டில் மேல
அரிசி மூட்டை, சிலிண்டர், ரெண்டு ஆடு,
கால் ஒடிஞ்ச புருஷன், அந்தம்மா.
ரெண்டு நாளா அப்படியே."

எனக்கு ஆட்கள் நினைவுக்கு வரவில்லை.
அந்தக் கால்தான் வந்தது.
டீ ஆறிப்போயிற்று.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் போனேன்.
சுவரில் சேற்றுக் கோடு,
கட்டில் பலகைக்கு இரண்டு விரல் கீழே.
"கல்லு மாதிரி நின்னுச்சுண்ணே" என்றாள் ரெஜினாள்.
குனிந்து பார்த்தேன்.
பசை கரைந்து எப்போதோ போய்விட்டது.
மரம் தண்ணீர் குடித்து ஊதி
துளையை நிறைத்து இறுக்கியிருந்தது.
என் தப்பை ஆறு வந்து அடைத்திருக்கிறது.
மாசி வெயிலில் திறந்துவிடும்.

"மாசியில ஒரு தடவை வர்றேன்."
"எதுக்கு?"
சொன்னேன். தரையைப் பார்த்தபடி
அரை நூலைச் சொன்னேன்.

அவள் ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.
"தெரியும். ராத்திரி புரண்டு படுத்தா
அந்தக் கால் மட்டும் பேசும்.
நீங்களா வருவீங்களான்னு பார்த்தேன்."

மாசியில் பிரித்தேன்.
இழைப்புச் சுருள் கருத்து, நாறிப்போய் வந்தது.
கழுந்தின் கன்னத்தில் பலாச் சில்லு ஒட்டி
இந்த முறை கோட்டை மிச்சம் வைத்துச் சீவினேன்.
முளைக்குத் துளை போடும்போது
காலில் இருப்பதற்கு நேராகக் கழுந்தில் போடவில்லை.
தோள் பக்கமாக அரை நூல் தள்ளிப் போட்டேன்.
நேராக இருந்தால் முளை சும்மா உட்காரும்.
விலகி இருந்தால்
போகிற போக்கில் இரண்டையும் இழுத்துக் கட்டும்.
அதே அரை நூல்தான்.
எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம்.

மூங்கில் முளை.
அடி விழ விழச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது:
டொக், டொக்,
பிறகு மரத்துக்குள்ளிருந்தே வருவது போல
ஒரு ணங்.
நிறுத்தினேன்.

ரெஜினாள் உட்கார்ந்து இரண்டு முறை அசைத்தாள்.
மூலையிலிருந்து புருஷன் கேட்டார், "பேசுதா?"
"இல்ல."

நான் பையைக் கட்டும்போது கேட்டாள்,
"மத்த மூணு?"
"அதெல்லாம் சரியாத்தான் செஞ்சேன்."

என் கையிலிருந்து கொட்டாப்புளியை வாங்கிக்கொண்டாள்.
குந்தி உட்கார்ந்து,
ஒவ்வொரு காலாகத் தட்டி,
காதை வைத்துக் கேட்கத் தொடங்கினாள்.